குப்புறப் படுப்பதற்காக ஒரு சத்திரசிகிச்சை

“ஜாக்கெட்டே பூட்டுதில்ல. நீ எப்பிடி மகள் கடல்ல எறங்கப் போற? வள்ளத்துல இரிந்து எழுது. படிச்ச புள்ளக்கி அதுதான் நல்லம்.”

இதைச் சொன்னவர் என் மாமா, உம்மாவின் தம்பி. கற்பிட்டிக் களப்பில் (கடலோடு சேர்ந்த ஆழமற்ற நீர்ப்பரப்பு) எங்கள் ஆய்வுக் குழுவை ஏற்றிச் செல்லும் வள்ளம் அவருடையது. அன்று நான் செம்மஞ்சள் நிற லைஃப் ஜாக்கெட்டை முன்பக்கமாக இழுத்து இழுத்துப் பார்த்தேன். சிப் பாதியில் நின்றது. இருப்பதில் பெரிய ஜாக்கெட்டைப் போட்டால் மார்பில் பூட்டும். ஆனால் தோளில் நிற்காது. வள்ளம் கவிழ்ந்தால் ஜாக்கெட் மிதக்கும், நான் மிதக்கமாட்டேன். மாமாவின் வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் அன்று அவர் சொன்னது பிழையில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் மட்டும்தான். பல்கலைக்கழகம் போய்க் கடல் பற்றிப் படித்து, எங்கள் ஊரான குறிஞ்சிப்பிட்டிக்கே திரும்பி வந்து, கடற்புல் ஆய்வில் உதவியாளர் வேலை எடுத்தேன். அந்த வேலையின் பாதி, தண்ணீரில் குப்புறப் படுப்பதுதான். முகத்தில் கண்ணாடி, வாயில் குழாய், கீழே ஒரு சதுரச் சட்டம். சட்டத்துக்குள் எவ்வளவு புல் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் படுத்துப் பார்த்தார்கள். நான் வள்ளத்தில் இருந்து எழுதினேன்.

தண்ணீரில் மட்டுமல்ல, பாயிலும் நான் குப்புறப் படுத்து வருடங்கள் ஆகியிருந்தன.

இந்தக் கட்டுரையை என்னைப் போலவே தோளில் பள்ளம் விழுந்த பெண்களுக்காக எழுதுகிறேன். உங்களுக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கழுத்தின் அடியில் ஒரு கல். பிராவின் பட்டி பதிந்து தோளில் விரல் நுழையும் அளவுக்குக் குழி. வெயில் காலத்தில் மார்பின் கீழ் மடிப்பில் வியர்வை தங்கி எரிச்சல், பிறகு சிவந்த புண். சில நாட்களில் சின்ன விரல்வரை விறைப்பு. வெளியே எதுவும் தெரியாது. அபாயா எல்லாவற்றையும் மூடிவிடும்.

எனக்கு இது பள்ளிக்கூடக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. முன்னுக்குக் குனிந்து, தோளைச் சுருக்கி நடந்தேன். ஊரில் இதற்கு ஒரே விளக்கம்தான். “புத்தகத்துக்குக் குனிஞ்சு குனிஞ்சு புள்ள கூனிப் போச்சு.” எங்கள் தெருவில் அவ்வளவு நேரம் புத்தகம் வைத்திருந்த பெண் வேறு யாரும் இல்லை. அதனால் முதுகு வலியும் படிப்பின் கணக்கில் போய்விட்டது. தைலம் பூசினார்கள். தலையணை மாற்றினார்கள். ஒரு மாமி, பரீட்சை முடிந்தால் சுகமாகிவிடும் என்றார். பரீட்சை எல்லாம் முடிந்தது. வலி மட்டும் முடியவில்லை.

புத்தளத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முள்ளந்தண்டில் ஒன்றும் இல்லை என்று வலிக் குளிசை தந்தார்கள். மூன்றாவது முறை போனபோது ஒரு பெண் டொக்டர் இருந்தார். திரையை இழுத்துவிட்டு, அபாயாவைக் கழற்றச் சொன்னார். என் தோளைப் பார்த்தார். குழிக்குள் தன் பெருவிரலை வைத்தார். “இது முதுகு வருத்தம் இல்லை” என்றார். அவ்வளவுதான். எத்தனையோ வருடத் தைலத்துக்குக் கிடைக்காத பதில், ஒரு பெருவிரலில் கிடைத்தது.

அவர் சொன்ன பெயர், மார்பகப் பெருவளர்ச்சி (மார்பின் இழையம் எனும் திசுவும் கொழுப்பும் உடல் சுமக்கக்கூடிய அளவைத் தாண்டி வளர்தல், இது புற்றுநோய் அல்ல). கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலைக்கு அனுப்பினார். அங்கே இதற்குச் சத்திரசிகிச்சை உண்டு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கத்தால் அல்ல. இது ஒரு நோய், இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, இதைச் சரிசெய்ய ஆட்கள் படித்திருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தால்.

வீட்டில் அந்தச் சந்தோஷம் இறங்கவில்லை. உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் கேட்டார்: “நாளைக்கி ஒனக்கொரு புள்ள பொறந்தா, பால் என்னத்தக் குடுப்ப?” வாப்பா வலையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அல்லாஹ் படைத்ததை மாற்றலாமா என்பதுதான் அவருடைய கவலை. மவ்லவியிடம் கேட்கப் போயிருக்கிறார். ஆனால் எதை எப்படிச் சொல்வது? “என்ட மகளுக்கு... முன்னுக்குப் பாரம் கூடி... முதுகுல வருத்தம், ஹஸ்ரத்” என்றாராம். மவ்லவி விளங்கிக்கொண்டார். வருத்தத்துக்கு மருந்து செய்வதில் தடையில்லை, டொக்டர்மார் சொல்வதைக் கேளுங்கள் என்றார். வாப்பா வீட்டுக்கு வந்து உம்மாவிடம், “முதுகு ஒப்பரேஷனுக்கு ஓம் எண்டு சொல்லிட்டாரு” என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதன் பெயர் முதுகு ஒப்பரேஷன். தெருவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

கொழும்பில் எங்களைப் பார்த்த வைத்திய நிபுணர் சிங்களப் பெண்மணி. என்னை ‘நங்கி’ (தங்கை) என்றே கூப்பிட்டார். அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் தருகிறேன். நான் கேள்வி கேட்கக் கேட்க அவருக்கும் உற்சாகம் ஏறியது. ஒரு கடதாசியில் படம் போட்டு விளக்கினார். ஒரு நல்ல விரிவுரையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது எனக்கு. உம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டும் என்றார். முதலாவது, தோலில் வெட்டு எப்படிப் போவது. அளவு ஓரளவு கூடியவர்களுக்கு, முலைக்காம்பைச் சுற்றி ஒரு வட்டமும் அதிலிருந்து நேரே கீழே ஒரு கோடும் போதும். தழும்பு குறைவு. என்னைப் போல மிகவும் பெரிதாகி, தோலும் தொங்கியிருந்தால், கீழ் மடிப்பு நெடுக இன்னொரு வெட்டும் வேண்டும். வட்டம், நேர்கோடு, அடியில் வளைவு. கடதாசியில் அதைப் பார்த்தவுடன் உம்மா முதல் தடவையாக வாய் திறந்தார்: “நங்கூரம் மாதிரி இரிக்கி.” நான் மொழிபெயர்த்தேன். டொக்டர் கைதட்டாத குறை. வைத்தியர்களும் அதை நங்கூர வெட்டு என்றுதான் சொல்வார்களாம்.

இரண்டாவது, முலைக்காம்பை எப்படி மேலே கொண்டுபோவது. அதை வெட்டி எடுத்து ஒட்டுவதில்லை. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் உள்ள ஒரு தண்டோடு (காம்பை உடலுடன் இணைத்து வைத்திருக்கும் இழையப் பாலம்) சேர்த்து நகர்த்துவார்கள். அந்தத் தண்டைக் கீழ்ப்பக்கத்தில் விடலாம். மேல் உட்பக்கத்திலும் விடலாம். எனக்கு மேல் உட்பக்கம் பொருத்தம் என்றார். மிகமிகப் பெரிய மார்புகளுக்கும், இரத்த ஓட்டம் போதாதவர்களுக்கும் மட்டும் காம்பை முழுதாக எடுத்துத் தோலாக ஒட்டுவது உண்டு. அதில் உணர்வும் போகும், பாலும் போகும்.

அந்த இடத்தில் உம்மாவின் கேள்வியைக் கேட்டேன். டொக்டர் பேனையை வைத்தார். “பொய் சொல்லமாட்டேன், நங்கி. தண்டோடு நகர்த்தும்போது பால் நாளங்களில் ஒரு பகுதி மிஞ்சும். சிலர் முழுதாகக் கொடுக்கிறார்கள், சிலர் கொஞ்சம், சிலருக்கு முடிவதில்லை. முன்கூட்டியே சொல்ல எனக்குத் தெரியாது.” உம்மாவுக்கு அதை அப்படியே சொன்னேன். நல்லதாக்கிச் சொல்லவில்லை. உம்மா என் தோளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “எப்ப வரச் சொல்றா, கேளு” என்றார்.

உங்கள் டொக்டரிடம் நீங்களும் இந்த இரண்டையும் கேளுங்கள்: என் வெட்டு எது, என் தண்டு எங்கே. கேட்டால் கோபிக்கமாட்டார்கள். என்னுடைய டொக்டர் படம் போட்ட கடதாசியையே தந்துவிட்டார்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திகதி கிடைத்தது. கடல் கொந்தளிக்கும் காலம் அது, ஆய்வும் நின்றிருக்கும். கடல் படுத்ததும் குழு மறுபடி இறங்கும். அதற்குள் என் காயம் முழுதாக ஆறி, தோல் மூடியிருக்க வேண்டும். திறந்த காயத்தோடு களப்பில் இறங்க டொக்டர் விடமாட்டார். ஆறாவிட்டால் அந்தப் பருவத்துக்கு வேறு ஆளை எடுப்பார்கள். எனக்கு இருந்த ஒரே பதற்றம் அதுதான். வெட்டுவதற்கு நான் பயப்படவில்லை.

அன்று காலை என்னை நிற்கவைத்து மார்பில் கோடு வரைந்தார்கள். படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்துவிடும், கோடு பிழைக்கும். கழுத்தெலும்பின் நடுவிலிருந்து கோடு இறங்கியது. என் உடம்பில் யாரோ அளந்து கோடு போடுவது எனக்குப் பிடித்திருந்தது. நானும் களப்பில் இப்படித்தான் அளக்கிறேன்.

கண் விழித்தபோது வாய் வரண்டிருந்தது. மார்பைச் சுற்றி இறுக்கமான கட்டு. இரண்டு பக்கமும் வடிகுழாய் (உள்ளே சேரும் இரத்த நீரை வெளியே எடுக்கும் மெல்லிய குழாய்). வலி இருந்தது. ஆனால் கழுத்தடியில் அந்தக் கல் இல்லை. அதைத் தேடிப் பார்த்தேன், உண்மையாகவே இல்லை. அழுகை வந்தது. தாதி ஓடிவந்து வலிக்கிறதா என்றார். “இல்ல மிஸ், வலிக்கல்ல, அதுக்குத்தான் அழுறன்” என்றேன். பாவம், ஒன்றும் விளங்காமல் போய்விட்டார்.

“எவ்ளோ எடுத்தாங்களாம்?” என்று வாப்பா வார்ட் வாசலில் நின்றே உம்மாவிடம் கேட்டார். உம்மா கையால் ஒரு அளவு காட்டினார். “நல்ல பாரை மீன் குட்டி ஒண்டு இரிக்கும்.” வாப்பா அந்த அளவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இத்தின காலமும் அதத் தூக்கிக்கிட்டா ஸ்கூலுக்குப் போன?” என்றார். அதன் பிறகு அவர் வாயில் ‘முதுகு ஒப்பரேஷன்’ வரவில்லை. எடுத்த இழையத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வழமையாக அனுப்புவார்கள், பயப்பட வேண்டாம். எனக்குக் கெடுதலாக எதுவும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வேன் பிடித்து வீட்டுக்கு வந்த நாளில் தலவில தேவாலயத் திருநாளுக்குப் போகும் வாகனங்களால் வீதி நெரிசலாக இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு சின்னத் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டேன். நீங்களும் ஒரு தலையணை கொண்டுபோங்கள்.

வீட்டில் உம்மாவின் ஆட்சி தொடங்கியது. எங்கள் பக்கத்தில் உடம்பில் காயம் என்றால் முதலில் மூடுவது மீன் சட்டியைத்தான். இறால், நண்டு, கணவாய், பெரும்பாலான மீன், முட்டை, தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் ‘கிரந்தி’. காயத்தைச் சொறியவைக்கும், சீழ் கட்டவைக்கும் என்பார்கள். வாப்பா பிடித்துவந்த மீன் எங்கள் வீட்டுப் படியேறாமலே விற்பனைக்குப் போனது. எனக்குச் சோறு, முருங்கையிலைச் சொதி, புடலங்காய்ப் பால்கறி. எனக்காக வீடே மீனை விட்டிருந்தது. அதை எப்படி வேண்டாம் என்பது? நானும் சாப்பிட்டேன்.

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. பிறகு ஒருநாள் கட்டு மாற்றும்போது, நேர்கோடும் அடி வளைவும் சந்திக்கும் இடத்தில் இடப்பக்கம் தையல் விலகி, ஒரு சிறிய வாய் திறந்திருந்தது. உள்ளே ஈரச் சிவப்பு. உம்மா நெஞ்சில் கை வைத்தார். “பாத்தியா, பக்கத்து வீட்டு எறால் ஆணத்து வாசம் பட்டிரிச்சு!” அடுத்த நாளிலிருந்து சொதியில் வெங்காயமும் குறைந்தது. புண் ஆறவில்லை. காற்று மெல்ல அடங்கத் தொடங்கியிருந்தது. மாமா வள்ளத்துக்குப் பெயின்ட் அடிப்பதை யன்னலால் பார்த்தேன். அந்தக் கிழமைதான் நான் உண்மையாகப் பயந்தேன்.

கிளினிக்கில் டொக்டர் புண்ணைப் பார்த்தார். முகம் மாறவில்லை. “நங்கூர வெட்டில் இந்தச் சந்தி அடிக்கடி திறக்கும். மூன்று தையல் வந்து சேரும் இடம், தோலும் இழுபடும், இரத்தமும் கடைசியாகத்தான் வந்துசேரும். கட்டுப் போட்டாலே மூடிவிடும்” என்றார். பிறகு என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். “ஆனால் இவ்வளவு மெதுவாக ஏன்? என்ன சாப்பிடுகிறீர்கள், நங்கி?”

சொன்னேன்.

“மீன்?”

“இல்லை.”

“முட்டை? கோழி?”

“இல்லை.”

“ஊர் எது என்று சொன்னீர்கள்?”

“கற்பிட்டிப் பக்கம்.”

“கற்பிட்டியில் மீன் முடிந்துவிட்டதா?”

பக்கத்தில் நின்ற தாதி சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. டொக்டரின் மருத்துவப் பேச்சு விளங்காவிட்டாலும், சந்தைச் சிங்களம் அவருக்கு நன்றாகத் தெரியும். நேரடியாகவே டொக்டருக்குப் பதில் சொன்னார்: எங்கள் ஆட்கள் காயத்துக்கு அப்படித்தான் செய்வோம். டொக்டர் கதிரையை உம்மா பக்கம் திருப்பினார். அவர் குரலில் கேலி இல்லை. “அம்மா, புதுத் தோல் புரதத்தால்தான் ஆகிறது. வெட்டிப் பிள்ளை எடுத்த பெண்ணுக்கும் வயிற்றில் காயம்தானே? அவளுக்கு என்ன கொடுப்பீர்கள்?”

உம்மா யோசிக்கவே இல்லை. “பால்சுறா.”

“அப்படியானால் அதையே கொடுங்கள்.”

“எப்பிடிக் குடுக்கிற? இவ புள்ள பெறல்லயே!” உம்மா தமிழுக்கு மாறிவிட்டார். “மகள், நீயே சொல்லு இவகிட்ட. குமர்ப் புள்ளக்கிச் சுறா வறுத்தா, வாசத்துக்கே நாலு வீடு கேக்கும், ஆரு பெத்த எண்டு!”

மொழிபெயர்த்தேன். டொக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், காயம் வலித்தது. சுறாக்கள் குறைந்துவருகின்றன என்று பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். இப்போது எனக்கே சுறா.

வாப்பா மறுநாள் ஒரு சின்னப் பால்சுறாவோடு வந்தார். உம்மா அதை அவித்து, உதிர்த்து, உள்ளிப் பூண்டும் மிளகும் நிறையப் போட்டு வறுத்தார். வாசம் வேலி தாண்டியது. தட்டை நான் எடுக்கும் முன்பே அடுத்த வீட்டு மாமி வாசலில் நின்றார்.

“என்ன புள்ள, சுறா மணக்குது? ஆரு வந்தீக்கிற?”

உம்மா அகப்பையோடு வெளியே வந்தார். என் கை பாதியில் நின்றது. முதுகு என்று சொல்வாரா, விருந்தாளி என்று சொல்வாரா?

“ஆரும் வரல்ல ராத்தா. என்ட மகளுக்குத்தான். முதுகுல இல்ல, மாருலதான் ஒப்பரேஷன். பாரம் கொறச்சிக்கி. காயம் ஆறணும் எண்டு டொக்டர் சொன்ன. உள்ளுக்கு வாங்க, உங்களுக்கும் தாறன்.”

மாமி உள்ளே வந்தார், சாப்பிட்டார். என் பக்கம் பார்க்காமல், சுறாவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “தோள்ல பள்ளம் விழுமே, அது... அதுக்கும் சரிவருமா?” பிறகு தன் தோளில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் கடதாசிப் படத்தை எடுத்துவந்தேன்.

சுறாவுக்குப் பிறகு முட்டை வந்தது. முட்டைக்குப் பிறகு பாரை வந்தது. இறாலை மட்டும் உம்மா கடைசிவரை வீட்டுக்குள் விடவில்லை. நான் அதற்காகச் சண்டை பிடிக்கவில்லை. கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்பு வாய் சுருங்கியது. ஓரங்களிலிருந்து வெளிர் ரோஜா நிறத்தில் தோல் ஊர்ந்து வந்தது. இவ்வளவு ஆர்வத்தோடு நான் எந்தக் கடற்புல்லையும் பார்த்ததில்லை. ஒரு கிளினிக் நாளில் டொக்டர் விரலால் தடவி, “மூடிவிட்டது. போங்கள், நனையுங்கள்” என்றார்.

ஆறியது என்றால் பழையபடி ஆகிவிடுவது அல்ல. இதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். தழும்பு இன்னும் சிவப்பு; நம் தோலுக்கு அது தடிக்கவும் கூடும், அதனால் சிலிக்கன் பசை பூசுகிறேன். வெளிறி அடங்க ஒரு வருடத்துக்கு மேலேயும் எடுக்கலாம். மார்பு முதலில் உயர்ந்து சதுரமாகத் தெரிந்தது, பிறகு இறங்கி உருவம் எடுத்தது. இரண்டு பக்கமும் அச்சொட்டாக ஒன்றல்ல. தோள் குழிகள் ஆழம் குறைந்திருக்கின்றன, போகவில்லை. வலது காம்பில் உணர்வு முழுதாக இருக்கிறது. இடது பக்கம் இன்னும் மரத்திருக்கிறது. இடையிடையே மின்சாரம் அடித்தது போலச் சுரீர் என்கிறது. நரம்பு வழி தேடுகிறது என்கிறார் டொக்டர்.

காற்று ஓய்ந்து, கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்த ஒரு காலை. வள்ளத்தில் மாமா ஜாக்கெட்டை நீட்டினார். பெரியது அல்ல, மற்றவர்கள் போடும் சாதாரண அளவு. சிப்பைப் பிடித்து இழுத்தேன். அடியிலிருந்து கழுத்துவரை ஒரே ஓட்டமாக ஏறியது. அந்தச் சத்தத்தை மறுபடி கேட்க வேண்டும் என்று இறக்கி, திரும்பவும் ஏற்றினேன்.

“சரி சரி, சிப்ப ஒடச்சிப் போடாத” என்றார் மாமா. கொஞ்சம் கழித்து, எஞ்சினைப் பார்த்தபடி, “வள்ளத்துல எழுதுறதுக்கு இனி ஆரப் புடிக்கிற?” என்றார்.

“நீங்க எழுதுங்க மாமா.”

“எழுதத் தெரிஞ்சா நான் ஏன்டி வள்ளம் ஓட்டுறன்!”

அவர் சிரித்து முடிக்கும் முன்பே இறங்கிவிட்டேன். கண்ணாடியும் குழாயும் மாட்டிய முகத்தைத் தண்ணீரில் வைத்து, கைகளை விரித்து, குப்புறப் படுத்தேன். மார்பின் கீழே எதுவும் தடுக்கவில்லை. களப்பு என்னை மட்டமாகத் தாங்கியது. வலப்பக்கம் தண்ணீரின் குளிர் உடனே ஏறியது. இடப்பக்கத்துக்கு அது கொஞ்சம் பிந்தித்தான் வந்தது, தூரத்தில் யாரோ சொல்லி அனுப்பிய செய்தி போல. முன்பு என் உடம்பு எனக்கு முன்னால் போகும், நான் பின்னால் இழுபட்டுக்கொண்டு போவேன். இப்போது என் ஒரு பக்கம் இந்த நேரத்திலும், மறுபக்கம் சற்று முந்திய நேரத்திலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் அவசரமில்லாமல் மிதந்தேன். கீழே புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறு பக்கமாகச் சாய்ந்தது. சட்டத்துக்குள் எண்ணத் தொடங்கினேன்.

களப்பு ஆழமில்லை. முருகைக்கல் பார் (பவளப்பாறைத் திட்டு) இருப்பது வெளிக்கடலில். அதன் அடியைப் பார்க்க மூழ்கத் தெரிய வேண்டும். டொக்டரிடம் கேட்டு, அவர் ஓம் சொன்ன பிறகு, மூழ்கல் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். போன கிழமை முதல் வகுப்பு. பயிற்சி தருபவர் மூழ்கல் அங்கிகள் தொங்கும் கம்பியருகே நின்று, என்ன சைஸ் என்று கேட்டார்.

“மீடியம்” என்றேன். பட்டியைப் பூட்டி, காற்றுச் சிலிண்டரை முதுகில் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்கு நடந்தேன்.